திருடு போன பாலன்

சான் இசித்ரோ, மலை
14 பிப்ரவரி 1986

கொமாத்ரே பஸ்தோராவுக்கு,

என் மகன் அலிரியோவைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவர் நீங்கள். மகனுக்கு ஞானத்தாயாக நின்றவரைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும், அதனால் கூப்பிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கு வேறு பெயர்தான் வாயில் வருகிறது.

சாம்பல் புதன் காலையில் கோயிலுக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பினேன். வந்து பார்த்தால் கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசு இல்லை. மாடு இருக்கிறது, கழுதை இருக்கிறது, சூசையப்பர் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மாதா மண்டியிட்டிருக்கிறார். நடுவில் வைக்கோலில் ஒரு பள்ளம் மட்டும். என் மாமியாருக்கு அவர் மாமியார் கொடுத்த மரப்பாலன். அவருக்குப் போர்த்தியிருந்த நீலத் துணியையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். குளிரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அதே புதன் காலையில்தான் நீங்கள் யாரிடமும் சொல்லாமல் கீழே பரினாஸுக்குப் பஸ் ஏறினீர்கள். தவசுகாலத்தின் முதல் நாளில் சாம்பல்கூடப் பூசாமல் அப்படி என்ன அவசரம்?

பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாளுக்குள் படுத்திருக்கிற பாலனை எழுப்பி நிற்க வைக்காத வீட்டில் யார் வேண்டுமானாலும் அவரைத் திருடலாம், அது பாவமில்லை என்று எனக்கும் தெரியும். நாமிருவருமே எத்தனை வீட்டில் திருடியிருக்கிறோம். ஆனால் அப்படித் திருடினவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கடைக்குப் போனால் ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடிப்பாள், அதிலேயே தெரிந்துபோகும். இப்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை. துக்க வீட்டுக்காரியைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறார்கள். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பாலனை நான் ஏன் நிற்க வைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். வீட்டை விட்டுப் போன அலிரியோ இந்த வாசலுக்கு வந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் பாலன் படுத்தேதான் இருப்பார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பங்குச்சாமியார் ரொந்தோன் இதற்காகவே வீட்டுக்கு வந்தார்.

"எதுவினாம்மா, பாலனைப் பணயமா வெச்சிருக்கீங்களே, அவர் என்ன பண்ணினார்?"

"அவர் நெனச்சா என் மகனை நாளைக்கே கொண்டுவந்து விட முடியும் சாமி. நெனக்கிற வரைக்கும் படுத்திருக்கட்டும்."

சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலில் அவர் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அன்று காலை என் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டிருந்தவரே அவர்தான், அதனால் விட்டுவிட்டேன்.

என் வீட்டுக் கதவு உங்களுக்குத் தெரியும். மழையில் ஊதிப்போன கதவு. சும்மா தள்ளினால் அலறுகிற அலறல் ஆற்றங்கரை வரை கேட்கும். இடுப்பை அண்டக்கொடுத்துத் தூக்கித் தள்ளினால்தான் சத்தமில்லாமல் திறக்கும். பக்கத்து வீட்டு நிக்கோமேதெஸ் முழங்கால் வலி என்று அன்று காலை முழுக்க வீட்டில்தான் கிடந்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறார். அந்த வித்தை தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், செத்துப்போன என் புருஷன் பெனிக்னோ, நீங்கள்.

எடுத்திருந்தால் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

எதுவினா

*

பரினாஸ்
24 பிப்ரவரி 1986

கொமாத்ரே எதுவினாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ் ஓட்டுகிற இஸ்மாயேல்தான் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே அவர் முகம் சரியில்லை.

"பஸ்தோராக்கா, அன்னிக்கு உங்க மூட்டைல உருளைக்கிழங்குதானே இருந்துச்சு?"

"வேற என்ன இருக்கும்?"

"இல்ல, மேல மலையில ஒருத்தங்க கேட்டாங்க. மூட்டையைக் கீழ வெச்சாங்களா, மடியில வெச்சுக்கிட்டாங்களான்னு."

"மூட்டை அழுதுச்சான்னு கேக்கலையா?"

"அதையும் கேட்டாங்கக்கா."

பரினாஸ் முழுக்கச் சிரிக்குமே என்று இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

என் மகள் சொராய்தா படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தகவல் வந்தது, கிளம்பினேன். சொல்லாமல் போனேன் என்கிறீர்கள். முந்தின நாள் சாயங்காலமே சொல்லத்தான் வந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் உள்ளே நிக்கோமேதெஸிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள், "செல்லம் குடுத்து என் மகனைக் கெடுத்தவ அந்தப் பஸ்தோராதான்" என்று. சரி, வழியனுப்பி வைத்தாகிவிட்டது என்று திரும்பிவிட்டேன்.

சாம்பலும் பூசிக்கொண்டேன், இங்கே, சாயங்காலப் பூசையில். இந்த ஊர் வெக்கையில் வேர்வையோடு சேர்ந்து மூக்கு நுனி வரை வழிந்தது. பாவம் முழுவதும் ஒரே நாளில் கரைந்துவிட்டது என்று சொராய்தா கிண்டல் செய்தாள்.

உங்கள் பாலன் என்னிடம் இல்லை. செத்துப்போன என் அம்மா மேல் ஆணை.

கதவு வித்தை தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு தடவை நிதானமாக எண்ணிப் பாருங்கள் கொமாத்ரே. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

பஸ்தோரா

*

சான் இசித்ரோ
4 மார்ச் 1986

பஸ்தோரா,

எண்ணிப் பார்த்தேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாலன் என்னிடம் இல்லை என்று ஆணையிட்டிருக்கிறாய். எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்று ஆணையிடவில்லை. ஆணையைக்கூட அளந்துதான் போடுகிறாய்.

அப்படியானால் அவன் வந்திருக்கிறான். எப்போது செத்துப்போவாள் என்று பார்க்க வருகிறவன் மாதிரி, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான். நான் காலையில் கோயிலில் இருப்பேன் என்று அவனுக்கு யார் சொன்னது? நீ கீழே போன அதே நாள் அவன் மேலே வந்தானா? வழியில் இரண்டு பஸ்ஸையும் நிறுத்திப் பேசிக்கொண்டீர்களா? அவனைப் பரினாஸில்தானே வைத்திருக்கிறாய்? பாலாடைக்கட்டி விற்கிறவள் போன மாதமே சொன்னாள், மரம் அறுக்கிற பட்டறையில் அலிரியோ மாதிரி ஒருத்தனைப் பார்த்தேன் என்று. மாதிரி என்றுதான் நான் நினைத்தேன்.

இந்த ஆத்திரத்தோடுதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாவங்களைப் பாதி சொல்லியிருக்கும்போதே ரொந்தோன் சாமியார் கேட்கிறார்:

"நீங்க பாலனைத் தேடறீங்களா, திருடனைத் தேடறீங்களா?"

"சாமி, பஸ்தோரா உங்களுக்குக் கடிதம் போட்டாளா?"

"எதுவினாம்மா, இது பாவசங்கீர்த்தனம். நீங்க என்னைக் கேள்வி கேக்கற எடம் இல்ல."

"அப்ப போட்டிருக்கா."

அவர் பாதியில் நிறுத்தி, "வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். என் வயசுக்கு, பாதிப் பாவத்தோடு வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

நான் என் மகனுக்கு என்ன செய்துவிட்டேன் என்று நீங்களெல்லாரும் சேர்ந்து என்னைக் குற்றவாளியாக்குகிறீர்கள்? பெனிக்னோ உருளைக்கிழங்கு லாரியை ஓட்டிக்கொண்டு போனார், அலிரியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பனிமூட்டத்தில் லாரி வளைவில் பள்ளத்துக்குள் போய்விட்டது. பெனிக்னோவைத் துணியில் சுற்றித் தூக்கிவந்தார்கள். அலிரியோ நடந்து வந்தான், முழங்கையில் ஒரு சிராய்ப்போடு. அவ்வளவுதான், ஒரு சிராய்ப்பு.

நான் திட்டினேனா? அடித்தேனா? ஒன்பதாம் நாள் ஜெபமாலை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீ எப்படிடா குதிச்சே?" இவ்வளவுதான் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். மூன்று வருஷமாகிறது.

பெனிக்னோ எப்படிப்பட்ட மனுஷன் என்று உனக்கே தெரியும். அந்தப் பாலன் முன்னால் மண்டியிட்டு, இனிச் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, அதைக் கடைசி வரை காப்பாற்றினவர். அப்படிப்பட்ட அப்பாவை வண்டியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியே வந்த ஒருவனை ஒரு கேள்வி கேட்கக்கூடாதா? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

மகனையும் ஒளித்துவைத்திருக்கிறாய், பாலனையும் ஒளித்துவைத்திருக்கிறாய். இரண்டில் ஒன்றையாவது ஒத்துக்கொள்.

எதுவினா

*

பரினாஸ்
11 மார்ச் 1986

எதுவினா,

கடைசியில் 'நீ' என்று எழுதிவிட்டாய். சந்தோஷம். அலிரியோவின் ஞானஸ்நானத்துக்கு மறுநாளிலிருந்து மரியாதை, மரியாதை என்று 'நீங்கள்' போட்டே நமக்குள் பேச்சு குறைந்துபோனது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்தவர்கள் நாம். இனி நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் 'அடியே' என்றும் எழுதுவேன்.

இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஒளித்துவைக்கவில்லை. அவன் பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நான் பரினாஸ் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொராய்தாவைப் பார்க்க வந்தான். சட்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு நெளிந்துகொண்டு நின்றான்.

"என்னடா வயித்துல?"

"திருடிட்டேன் ஞானம்மா."

நீலத் துணியைப் பிரித்தான். உன் வீட்டுப் பாலன் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

"அம்மாவைப் பாக்கத்தான் போனேன்" என்றான். "சாம்பல் பூசிட்டு வந்தா மனசு கொஞ்சம் எளகியிருக்கும்னு நெனச்சேன். உள்ள போய் உக்காந்தேன். பாலன் இன்னும் படுத்துக் கெடந்தாரு. எனக்காகத்தான்னு பஸ்லயே சொன்னாங்க."

"அப்ப உக்காந்திருக்க வேண்டியதுதானேடா? ஏன் ஓடி வந்தே?"

"அம்மா வந்து மறுபடியும் அதையே கேட்டா? வாசல்ல சத்தம் கேட்டுச்சு. கோழியோ என்னவோ. பயந்துட்டேன். எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தான். "என்னைத் தேடி வரமாட்டாங்க ஞானம்மா. இவரைத் தேடியாவது வரட்டும்."

உன் மகன் வழக்கப்படி திருடியிருக்கிறான். ஆகவே நீயும் வழக்கப்படி வா. உனக்குத் தெரியாததா? திருட்டுக் கொடுத்தவர் மெழுகுதிரியோடும் பாட்டோடும் திருடியவன் வாசலுக்குப் போய்த் தட்ட வேண்டும். மண்டியிட்டு முத்தமிட்டுப் பாலனை வாங்க வேண்டும். திருடியவனுக்கு விருந்து வைக்க வேண்டும். அவனைத் திட்டக்கூடாது. ஏன் எடுத்தாய், எப்படி எடுத்தாய் என்று ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் உனக்குக் கஷ்டம். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் பஸ்தோரா

*

சான் இசித்ரோ
15 மார்ச் 1986

பஸ்தோரா,

நன்றாகத்தான் பொறி வைத்திருக்கிறீர்கள் இரண்டு பேரும்.

அவன் என் வாசலில் மண்டியிட வேண்டும் என்று நான் சொன்னேன். அதைத் திருப்பிப்போட்டு நான் அவன் வாசலில் மண்டியிடுகிற மாதிரி ஆக்கிவிட்டீர்கள். இது அவன் மூளை இல்லை. அவனுக்கு இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இது உன் மூளை. பள்ளிக்கூடத்திலும் நீதான் விளையாட்டின் நடுவில் விதியை மாற்றுவாய்.

உன் பொறியில் எத்தனை ஓட்டை என்று பார். முதலாவது, இது தவசுகாலம், பாட்டும் கூத்தும் ஆகாது. இரண்டாவது, பரினாஸ் நம் கோயில் பங்கில் சேராது. அங்கே பாலனை ஜனவரியோடு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், அந்த ஊரில் நம் வழக்கம் செல்லாது. இதைச் சாமியாரிடமே கேட்டுவிடலாம் என்று போனேன்.

"சாமி, தவசுகாலத்துல பாலனைத் தேடிப் பாடிக்கிட்டுப் போலாமா?"

"எவ்வளவு தூரம்?"

"தூரத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. உங்களுக்கு யார் சொன்னது?"

"போலாமான்னு கேட்டீங்க. போறதுன்னா தூரம்னு ஒண்ணு இருக்கணுமில்ல?"

நான் கிளம்பத் திரும்பினேன். அவரே சொன்னார், "மெதுவாப் பாடுங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். அப்படிக் கோவிச்சுக்கிட்டா நான் சொன்னேன்னு சொல்லிடுங்க." அவர் என்னோடு எப்போதும் இவ்வளவு நயமாகப் பேசினதே இல்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் கடிதம் ஓடுகிறது, எனக்குத் தெரியும்.

வெளியே வந்தால் நிக்கோமேதெஸ் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்கிறார், "என் வயலினுக்குத் தந்தி மாத்தணுமா எதுவினா?" எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். பாலனை நல்ல துணியில் சுற்றி இஸ்மாயேலிடம் கொடுத்தனுப்பச் சொல். வந்த அன்றே நிற்க வைத்துவிடுகிறேன். அதோடு என் வீம்பு முடிந்தது என்று வைத்துக்கொள். ஊரில் யார் என்ன சொன்னாலும் சரி.

அது முடியாதென்றால், நானே வர வேண்டுமென்றால், முதலில் அவனிடம் அந்த ஒன்றைக் கேட்டு எழுது. எப்படிக் குதித்தான்? திருடனை நான்தானே கேட்கக்கூடாது, நீ கேட்கலாமே. பதில் வந்தால் வருகிறேன். மூன்று வருஷமாகக் கட்டிலின் அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டே படுக்கிறேன் பஸ்தோரா. பதில் தெரியாமல் அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

எதுவினா

*

பரினாஸ்
19 மார்ச் 1986, சூசையப்பர் திருநாள்

எதுவினா,

கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

பாலனை அனுப்பமாட்டான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாப்பிட வந்தான். வறுத்த வாழைப்பழமும் மீனும் வைத்தேன். நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா ஒண்ணு கேட்டு எழுதச் சொல்றாடா" என்றேன்.

கையை உதறிவிட்டுத் தட்டையே பார்த்தான். நான் கேட்கவே இல்லை, அவனுக்கே தெரிந்துவிட்டது. அந்த டம்ளர் மாதிரி இந்தத் தட்டையும் வைத்துவிட்டுப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். போகவில்லை.

"நான் குதிக்கல ஞானம்மா. அப்பா தள்ளிவிட்டாரு. ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால என் பக்கத்துக் கதவைத் திறந்துட்டு, காலால எட்டி உதைச்சாரு. ரோட்டுல விழுந்து திரும்பிப் பாக்கறேன், வண்டி இல்ல."

"பாவிப்பயலே, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா உங்கம்மா உன்னைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டிருப்பாளே. ஏன்டா சொல்லல?"

"அதைச் சொன்னா, அப்பா அந்த வளைவை ஏன் பாக்கலைன்னு அடுத்ததாக் கேப்பாங்க. தெனம் போற ரோடு, தெனம் திரும்பற வளைவு. அதுக்குச் சொல்ல எங்கிட்ட ஒரு பொய்யும் இல்ல ஞானம்மா."

சொராய்தா வாயைத் திறந்தாள். அவளை நான் முறைத்தேன். அந்த அடுத்த கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாலன் முன்னால் பெனிக்னோ நேர்ந்துகொண்டதைப் பற்றி நீ எத்தனை பெருமையாகச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "இதை எழுதாதீங்க, நான் குதிச்சேன்னே இருக்கட்டும்" என்றான்.

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை இதையும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன் என்றாயே, அந்தப் பிள்ளை இதுதான் எதுவினா. இனி உன் பாடு.

பஸ்தோரா

*

சான் இசித்ரோ
23 மார்ச் 1986, குருத்து ஞாயிறு

பஸ்தோரா,

அந்த அடுத்த கேள்வி எனக்கு வேண்டாம். பெனிக்னோவைக் குளிப்பாட்டினவள் நான்.

உங்கள் யாரையும் உள்ளே விடாமல் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சோம்புச் சாராய வாசனை எழுந்துகொண்டே இருந்தது. சவரச் சோப்பு வாசனை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று எழுதுவதுகூடப் பொய்தான். எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. செத்தவர் மேல் படமுடியவில்லை. உயிரோடு வந்தவன் மேல் பட்டேன். என்னை ஒருவரும் எதுவும் கேட்டுவிடக்கூடாது என்று நான் முந்திக்கொண்டு அவனைக் கேட்டேன்.

இன்று பூசை முடிந்ததும் ரொந்தோன் சாமியாரிடம் மிச்சப் பாதியையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கணவர் உங்கள் மகனை உதைத்துத் தள்ளிவிட்ட அந்த ஒரு காலை ஆண்டவர் மறக்கமாட்டார் என்றார். அதற்குப் பிறகு கண்ணீரில் எனக்கு மேசைக்கால் தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. என் பெனிக்னோ நல்லவர்தான் பஸ்தோரா. நான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி நல்லவர் இல்லை, வேறு மாதிரி நல்லவர்.

செவ்வாய்க்கிழமை இஸ்மாயேலின் பஸ்ஸில் வருகிறேன். நிக்கோமேதெஸ் வயலினோடு வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவருக்கு இரண்டு பாட்டுதான் தெரியும், அதில் ஒன்று கல்யாணப் பாட்டு. பரவாயில்லை. சிலுவைப் பாதை சொல்லிக்கொண்டிருக்கிற ஊரில் நாங்கள் பாலன் பாட்டுப் பாடினால் பரினாஸ்காரர்கள் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும். முட்டை நிறையப் போட்டுக் கேக் செய்து எடுத்துவருகிறேன், அலிரியோவுக்கு அது பிடிக்கும். உன் ஊர் வெக்கையில் இளகிப்போகாமல் வந்துசேர வேண்டும்.

நான் வருவதை அவனிடம் நீ சொல்லிவிடுவாய், உன்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. சொன்னால் சொல். ஆனால் எனக்கும் எல்லாம் தெரியும் என்று மட்டும் சொல்லாதே. அவன் அப்பாவை அவன் காப்பாற்றி வைத்திருக்கிறான், அப்படியே வைத்திருக்கட்டும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வழக்கப்படி மண்டியிட்டு வாங்கிக்கொள்வேன். முட்டி இந்த வயசில் மடங்குமா என்று இன்று கோயிலில் பார்த்தேன், மடங்குகிறது.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் தட்டும்போது நீயும் அவன் அறைக்குள்தான் இருப்பாய், வேடிக்கை பார்க்காமல் உன்னால் இருக்கமுடியாது. நாங்கள் எத்தனை பாட்டுப் பாடினாலும், எவ்வளவு நேரமானாலும், எனக்காக இரக்கப்பட்டு எழுந்து வந்துவிடாதே. நான் நிற்கிறேன். கதவை நீ திறக்காதே.

எதுவினா